துருக்கி, உஸ்பெக், கசாக்: எந்த மொழியின் விகுதிகள் உங்களுக்கு ஒத்துவரும்?

துருக்கிய மொழிக் குடும்பத்தில் ஏதாவது ஒன்றைக் கற்க வேண்டும், எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கணக்கோடு வருகிறார்கள். எந்த மொழியில் வேற்றுமைகள் குறைவு என்பது ஒன்று. எதில் உயிரிசைவு, அதாவது சொல்லின் உயிரொலிக்கு ஏற்ப விகுதியின் உயிரும் மாறும் வழக்கம், இல்லை என்பது இன்னொன்று. இரண்டுமே ஆங்கிலம் வழியாகக் கற்பவர்களின் கவலைகள். தமிழ் பேசுகிறவருக்கு வேற்றுமை உருபு புதிதல்ல. நமக்குப் பாரம் வேறு இடத்தில் இருக்கிறது: ‘என்’, ‘உன்’ என்பதைக் காட்டும் உடைமை விகுதியில். அதைவிட, அந்த விகுதியின் மேல் வேற்றுமை உருபு வந்து சேரும் மூட்டில். அந்த மூட்டில்தான் மூன்று மொழிகளும் ஆளுக்கொரு வழியில் போகின்றன. ஆகவே அதை வைத்தே மொழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து.

துருக்கி நாட்டின் மொழியை இங்கே ‘துருக்கி’ என்றும் முழுக் குடும்பத்தை ‘துருக்கிய மொழிகள்’ என்றும் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உதட்டைக் குவித்துச் சொல்லும் சில இகர, எகர ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை. அவற்றை உகரமாகவும் ஒகரமாகவும் எழுதியிருக்கிறேன், உச்சரிப்பை ஒலிப்பதிவில்தான் பிடிக்க வேண்டும். ஆனால் துருக்கியின் புள்ளியில்லாத ‘இ’ என்று எல்லாரையும் பயமுறுத்தும் ஒலி நம்மிடம் இருக்கிறது. ‘பாக்கு’, ‘காது’ போன்ற சொற்களின் முடிவில் வரும் குற்றியலுகரம் கிட்டத்தட்ட அதுதான்.

எதையெல்லாம் வைத்து எடைபோடுவது

நான்கு விஷயங்களைப் பார்க்கிறேன். ஒவ்வொரு உருபுக்கும் எத்தனை வடிவங்கள்? உடைமை விகுதியும் வேற்றுமை உருபும் சேரும்போது என்ன நடக்கிறது, பொருள் தெளிவாக நிற்கிறதா? எழுத்தில் கற்ற உருபு தெருவில் அப்படியே கேட்கிறதா? கடைசியாக, தனியாக உட்கார்ந்து படிக்க என்ன கிடைக்கிறது, எந்த எழுத்துமுறையில்? இவற்றில் இரண்டாவதற்கே அதிக மதிப்பெண் தருவேன்.

மூன்றிலும் நமக்குச் சுலபமாக வருபவை

இரண்டாம் வேற்றுமையைப் பாருங்கள். தமிழில் ‘புத்தகம் படித்தேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம், ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்றால் இன்ன புத்தகம். துருக்கியில் ‘கிதாப் ஒகுதும்’, ‘கிதாபு ஒகுதும்’ என்பவற்றுக்கும் அதே வேறுபாடு. உஸ்பெக்கிலும் கசாக்கிலும் இதே நிலைதான். ஐரோப்பிய மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. தமிழர் ஒரு மாலையில் கடந்துவிடலாம்.

நீங்கல் உருபும் அப்படித்தான். மூன்று மொழிகளிலும் ‘-தான்’, ‘-தென்’ போன்ற வடிவங்களில் வரும் அந்த உருபு ‘வீட்டிலிருந்து’ என்பதற்கும் ‘அவனைவிடப் பெரியவன்’ என்பதற்கும் சேர்த்து உழைக்கிறது. நம் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு இரண்டையும் பொருளாகச் சொல்லியிருப்பதைப் படித்தவருக்கு இதில் வியப்பு இருக்காது.

மெய்யொலி மாற்றங்களும் நமக்குப் பாதி இயல்பாகவே வருகின்றன. ‘கிதாப்’ என்னும் சொல்லின் இறுதியில் இருக்கும் வல்லொலி, பின்னால் உயிர் வந்தால் மெலிந்துவிடும். உஸ்பெக்கில் இதயம் ‘யுரக்’, என் இதயம் ‘யுரகிம்’. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் வல்லினத்தை மெலிதாக ஒலிப்பது தமிழ் நாக்கின் பழக்கம் என்பதால், மேலே உள்ளதை நீங்கள் தமிழாகவே வாசித்தாலும் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். சொல்லின் நடுவிலுள்ள உயிர் உதிர்வதும் மூன்றுக்கும் பொது: மூக்கு துருக்கியில் ‘புருன்’, என் மூக்கு ‘புர்னும்’. உஸ்பெக்கில் ‘புருன்’, ‘புர்னிம்’. கசாக்கில் ‘முருன்’, ‘முர்னும்’.

மூன்றிலும் நமக்குப் புதிதாக இருப்பவை

இன்றைய தமிழில் ‘என் வீடு’, ‘உன் வீடு’ என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறோம். வீடு அப்படியே இருக்கிறது. துருக்கிய மொழிகளில் உடைமை விகுதி வீட்டின் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். துருக்கியில் வீடு ‘எவ்’, என் வீடு ‘எவிம்’. பழந்தமிழில் எந்தை, நுந்தை, தந்தை என்று உறவுச்சொல்லிலேயே என், உன், அவன் என்பதைக் காட்டினோம். முன்னால் ஒட்டியது என்பதுதான் வேறுபாடு. துருக்கியில் ‘பாபாம்’, ‘பாபான்’, ‘பாபாசு’ என்பவை அதே மூன்றுதான். அந்தப் பழக்கம் அங்கே எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பரவியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டால் மனத்தில் பதியும்.

‘அலியின் வீடு’ என்று சொல்லும்போது நாம் அலியிடம் மட்டும் உருபு வைக்கிறோம். அவர்கள் அலியிடமும் வைத்து வீட்டிடமும் வைக்கிறார்கள்: ‘அலினின் எவி’, அதாவது ‘அலியின் அவருடைய-வீடு’. வீட்டின் மேலுள்ள அந்த இகரத்தைத் தமிழர் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். உடையவர் என்று யாருமே இல்லாத தொடரிலும் அது வரும். துருக்கியின் கிழக்கிலுள்ள வான் ஏரி ‘வான் கொலு’, கசாக்ஸ்தானின் பல்காஷ் ஏரி ‘பல்காஷ் கொலி’, தாஷ்கெண்டில் நவாயி தெரு ‘நவாயி கோச்சாசி’. மூன்றிலும் கடைசியில் இருப்பது மூன்றாம் ஆள் உடைமை விகுதிதான். ஏரி, தெரு என்று அகராதியில் தேடினால் ‘கொல்’, ‘கோச்சா’ என்றே இருக்கும். பெயர்ப்பலகை படிக்கிறவருக்கு முதல் நாளே இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ‘எனக்கு வீடு இருக்கிறது’. தமிழில் நான்காம் வேற்றுமை. அங்கே ‘என்-வீடு உண்டு’ என்றுதான் சொல்ல வேண்டும்: ‘எவிம் வார்’, ‘உயிம் போர்’, ‘உயிம் பார்’. தமிழை அப்படியே மாற்றி ‘பனா எவ் வார்’ என்றால், எனக்காக எங்கோ ஒரு வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதுபோலக் கேட்கும்.

மூட்டு எப்படி இருக்கிறது

வீடு என்ற ஒரே சொல்லை மூன்று மொழிகளிலும் ஓட்டிப் பார்ப்போம்.

| தமிழ் | துருக்கி | உஸ்பெக் | கசாக் |
|---|---|---|---|
| வீடு | எவ் | உய் | உய் |
| வீட்டில் | எவ்தெ | உய்தா | உய்தெ |
| என் வீட்டில் | எவிம்தெ | உயிம்தா | உயிம்தெ |
| உன் வீட்டில் | எவிந்தெ | உயிங்தா | உயிங்தெ |
| அவர் வீட்டில் | எவிந்தெ | உயிதா | உயிந்தெ |
| வீட்டுக்கு | எவெ | உய்கா | உய்கெ |
| என் வீட்டுக்கு | எவிமெ | உயிம்கா | உயிமெ |
| அவர் வீட்டுக்கு | எவினெ | உயிகா | உயினெ |

நான்காவது, ஐந்தாவது வரிகளில் கொஞ்சம் நில்லுங்கள். துருக்கியில் ‘உன் வீட்டில்’, ‘அவர் வீட்டில்’ இரண்டும் ஒன்றுதான். மூன்றாம் ஆள் உடைமை விகுதிக்கும் வேற்றுமை உருபுக்கும் நடுவே ஒரு னகரம் நுழைகிறது. தமிழ் இலக்கணத்தில் இதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை, இது சாரியை. ‘அவை’ என்பது ‘அவற்றை’ ஆகும்போது நடுவில் அற்று வருவதுபோல. அதே நேரம் ‘உன்’ என்பதற்கான விகுதியும் னகரத்தில் முடிவதால் இரண்டும் மோதுகின்றன.

இந்த மோதல் பழமையானதல்ல. உஸ்மானியர் கால எழுத்தில் ‘உன்’ விகுதிக்கு ஙகர ஒலி இருந்தது, அதைக் குறிக்கத் தனி எழுத்தும் இருந்தது. இஸ்தான்புல் பேச்சில் அது னகரத்தோடு கலந்துவிட்டது. 1928இல் இலத்தீன் எழுத்துமுறை வந்தபோது அந்த ஒலிக்கு எழுத்தே கொடுக்கவில்லை. அனத்தோலியாவின் சில வட்டாரப் பேச்சுகளில் இன்னும் அந்த ஙகரம் கேட்கிறது. உஸ்பெக்கும் கசாக்கும் அதைப் பொதுமொழியிலேயே காப்பாற்றி வைத்திருக்கின்றன. கூடவே உஸ்பெக், நடுவில் வரும் சாரியையையும் பெயர்ச்சொற்களிலிருந்து எடுத்துவிட்டது. அதனால் அங்கே விகுதியும் உருபும் நேராகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இது வெறும் வீடு, தெரு விஷயம் என்றால் இவ்வளவு சொல்ல மாட்டேன். கூட்டு வாக்கியங்கள் எல்லாமே இந்த மூட்டின் மேல்தான் நிற்கின்றன. ‘நான் வந்தது அவருக்குத் தெரியும்’ என்பது துருக்கியில் ‘கெல்தியிமி பிலியோர்’, உஸ்பெக்கில் ‘கெல்கனிம்னி பிலாதி’, கசாக்கில் ‘கெல்கெனிம்தி பிலெதி’. ‘வந்தது’ என்பதன் மேல் ‘என்’ விகுதி, அதன் மேல் இரண்டாம் வேற்றுமை உருபு. தமிழில் ‘வந்ததை’ என்று சொல்லி நிறுத்திவிடுவோம், யார் வந்தது என்பதை முன்னாலுள்ள சொல் சொல்லும். அங்கே அந்தச் சொல்லுக்குள்ளேயே ஆள் இருக்கிறார். ‘நீ வந்ததை’, ‘அவர் வந்ததை’ இரண்டும் துருக்கியில் ‘கெல்தியினி’. உஸ்பெக்கில் ‘கெல்கனிங்னி’, ‘கெல்கனினி’. கசாக்கில் ‘கெல்கெனிங்தி’, ‘கெல்கெனின்’. செய்தித்தாளில் ஒரு பத்தி படித்தால் இந்த அமைப்பு பலமுறை வரும்.

துருக்கி: துணை அதிகம், மயக்கமும் உண்டு

உருபுகளின் வடிவம் இங்கே நிறைய. ஆறாம் வேற்றுமைக்கு மட்டும் எட்டு. சொல்லின் கடைசி உயிரைப் பார்த்து நான்கில் ஒன்றைத் தேர வேண்டும், சொல் உயிரில் முடிந்தால் முன்னால் ஒரு னகரம் சேரும். எண்ணிக்கையைக் கேட்டு மிரள வேண்டாம். பேச்சுத் தமிழில் ‘அவனுக்கு’ என்கிற அதே வாய் ‘தம்பிக்கி’ என்று சொல்கிறதே, அதுவும் உயிரிசைவின் சாயல்தான். காது பழகிவிட்டால் நாக்கு தானே போகும். ‘சாஅத்’ (மணி, கடிகாரம்) போன்ற அரபுச் சொற்கள் விதியை மீறும், அவற்றைத் தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு நான் சொன்ன மயக்கம். ‘எவ்லெரி’ என்ற ஒரே சொல் அவர்களுடைய வீடு, அவருடைய வீடுகள், அவர்களுடைய வீடுகள், (இன்ன) வீடுகளை என்று நான்காகவும் இருக்கலாம். துருக்கியர்கள் ‘செனின்’ (உன்), ‘ஒனுன்’ (அவருடைய) என்று முன்னால் சேர்த்துத் தெளிவாக்குவார்கள், அல்லது சூழலே சொல்லிவிடும். நமக்கு ஒரு சாதகமும் உண்டு. தெரியாதவரிடமும் மூத்தவரிடமும் ‘நீங்கள்’ வடிவம்தான் பேசப் போகிறோம். அதில் ‘எவினிஸ்தெ’ என்று தனியாக நிற்கும், மோதல் கிடையாது.

தனியாகப் படிப்பவருக்குக் கிடைக்கும் துணையில் துருக்கிக்கு இணையில்லை. அங்காரா பல்கலைக்கழகத்தின் மொழி மையமான தோமெர் 1984 முதல் வெளிநாட்டவருக்குப் பாடம் நடத்துகிறது. 1932இல் தொடங்கிய துருக்கி மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம். எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஊர்ப்பெயர், ஆட்பெயரின் பின்னால் உருபு வரும்போது நடுவில் ஒரு மேற்குறி போட்டுப் பிரித்துக் காட்டுவார்கள். பெயர் எங்கே முடிகிறது, உருபு எங்கே தொடங்குகிறது என்று புதியவருக்குக் கண்ணிலேயே தெரியும். இது எவ்வளவு பெரிய உதவி என்பது மற்ற இரண்டு மொழிகளையும் படிக்கும்போதுதான் புரியும்.

உஸ்பெக்: சுத்தமான மூட்டு, இரட்டை எழுத்து

விகுதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றில் எளியது இதுதான், சந்தேகமில்லை. பொது உஸ்பெக்கின் எழுத்தில் உயிரிசைவு கிடையாது. ஆறாம் வேற்றுமைக்கு ‘-னிங்’, இரண்டாம் வேற்றுமைக்கு ‘-னி’, இடத்துக்கு ‘-தா’, நீங்கலுக்கு ‘-தான்’, ஒவ்வொன்றும் ஒரே வடிவம். நான்காம் வேற்றுமை ‘-கா’ மட்டும் சில மெய்களுக்குப் பின் வலுக்கும். ‘கா’ என்ற அந்த உருபு நம் ‘கு’வுக்குப் பக்கத்திலேயே இருப்பது தற்செயல்தான் என்றாலும் மனத்தில் நிற்க உதவும்.

தமிழருக்கு மிகவும் பிடித்துப்போகும் ஒன்று இங்கே இருக்கிறது. ‘அப்பா வந்தார்கள்’ என்று ஒருவரைப் பன்மையில் சொல்கிறோமே, உஸ்பெக்கிலும் ‘தாதாம்லார் கெல்திலார்’ என்பார்கள். பன்மை விகுதி ‘லார்’ உடைமை விகுதிக்குப் பின்னால் வந்தால் மரியாதை. முன்னால் வந்து ‘தாதாலாரிம்’ ஆனால் எண்ணிக்கை. வரிசை மாறினால் பொருள் மாறும். உடைமை விகுதியின் இடத்தை ஏன் கவனமாகப் பழக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

செலவு எங்கே? பேச்சில். ‘மெனிங் கிதோபிம்’ (என் புத்தகம்) தாஷ்கெண்ட் தெருவில் ‘மெனி கிதோபிம்’ ஆகிவிடும். ‘-னிங்’ தேய்ந்து ‘-னி’ ஆவதால் ஆறாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் காதுக்கு ஒன்றாகிவிடுகின்றன. எழுதும்போது பிரித்தாக வேண்டும். இங்கே உடைமை விகுதிதான் கைகொடுக்கும்: அடுத்த சொல்லில் ‘-இம்’, ‘-சி’ இருந்தால் முன்னது ஆறாம் வேற்றுமை.

இன்னொரு செலவு எழுத்து. இலத்தீன் எழுத்துக்கான சட்டம் 1993இல் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய அரை நூற்றாண்டுப் புத்தகங்கள் ரஷ்ய மொழிக்குப் பயன்படும் சிரில்லிக் எழுத்தில். இன்றும் சிரில்லிக் வழக்கொழியவில்லை. இரண்டையும் படிக்கத் தெரிந்தால்தான் முழுதாகப் பயன்படும்.

கசாக்: தெளிவு உண்டு, பயிற்சி நிறைய வேண்டும்

உயிரிசைவோடு மெய்யிசைவும் சேர்ந்தது கசாக். பன்மை விகுதியே ஆறு வடிவம்: பிள்ளைகள் ‘பலாலார்’, பெண்கள் ‘குஸ்தார்’, புத்தகங்கள் ‘கிதாப்தார்’, இகரம், எகரம் போன்ற மெல்லுயிர்கள் வரும் சொற்களுக்கு இவற்றின் எகர வடிவங்கள். தமிழ் எழுத்தில் ‘குஸ்தார்’, ‘கிதாப்தார்’ இரண்டிலும் தகரம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் முன்னதில் அது மெலிந்தது, பின்னதில் வலித்தது. மரங்கள், பற்கள், நாட்கள் என்று நம் ‘கள்’ விகுதிக்கு முன்னால் நடக்கும் புணர்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். நம்மிடம் சொல்லின் இறுதி மாறுகிறது, அவர்களிடம் விகுதியின் முதலெழுத்து மாறுகிறது.

‘என்’, ‘உன்’, ‘அவர்’ விகுதிகளுக்குப் பிறகு நான்காம் வேற்றுமை வேறு வடிவம் எடுப்பதையும் அட்டவணையில் பார்த்திருப்பீர்கள். ‘உய்கெ’ என்று கற்றவர் ‘உயிம்கெ’ என்று சொல்லத் தோன்றும், ‘உயிமெ’தான் சரி. இதை முதல் மாதத்திலேயே பழகிவிடுங்கள், பிறகு திருத்துவது கடினம்.

கைம்மாறாக ஒரு நல்ல விஷயம்: ஏழாவது வேற்றுமை. ‘-மென்’ என்ற உருபு ‘நண்பனோடு’ என்பதற்கும் ‘கத்தியால்’ என்பதற்கும் பொது: ‘தொஸ்பென்’, ‘பிஷாக்பென்’. தமிழ் இலக்கணம் ஆல், ஓடு இரண்டையும் மூன்றாம் வேற்றுமையில்தானே வைக்கிறது? முன்னாலுள்ள மெய்க்கு ஏற்ப முதலெழுத்து மட்டும் மாறும், உயிர் எப்போதும் எகரம்தான்.

படிப்பு வசதியில் கசாக் பின்தங்குகிறது. 42 எழுத்துள்ள சிரில்லிக் வரிசை. இலத்தீனுக்கு மாறும் ஆணை 2017இல் வந்தும் அன்றாடத்தில் சிரில்லிக்தான். பாடநூல்கள் பலவும் ரஷ்ய மொழி வழியாகவே. அல்மாட்டியில் நீங்கள் கசாக்கில் தொடங்கினாலும் பதில் ரஷ்ய மொழியில் வரலாம். பயிற்சிக்கு ஆள் தேடுவதும் ஒரு வேலை.

யாருக்கு எது

மருத்துவம் படிக்க சமர்கந்துக்கோ அல்மாட்டிக்கோ போகிற மாணவர் என்றால் ஒப்பீடே வேண்டாம், ஊர்தான் முடிவு செய்யும். நோயாளியிடம் பேச வேண்டிய மொழியை விட்டுவிட்டு வேறொன்றில் தொடங்குவதில் அர்த்தமில்லை. கிர்கிஸ்தானின் பிஷ்கெக், ஓஷ் என்றால் கிர்கிஸ் மொழி. அதில் பன்மைக்கு 12 வடிவம், ஏனென்றால் உதட்டுக் குவிப்பும் கணக்கில் வரும். ஆனால் மூட்டு கசாக்கைப் போலத்தான், ‘உன்’னும் ‘அவர்’உம் பிரிந்தே நிற்கும்.

ஊர் கட்டாயம் இல்லாமல், வீட்டிலிருந்து தனியாகப் படிக்கிறவருக்குத் துருக்கியைத்தான் சொல்வேன். மயக்கம் இருந்தாலும் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் விடை கிடைக்கும் மொழி அது. உடைமை விகுதியை வேற்றுமைக்கு முன்பே பழகுங்கள். பெரும்பாலான பாடநூல்கள் வேற்றுமையை முதலில் வைக்கின்றன, நமக்கு அந்த வரிசை தேவையில்லை.

சீக்கிரம் பேச வேண்டும், இலக்கணத்தில் அதிகம் தங்க மனமில்லை, பேசிப் பழக ஒரு உஸ்பெக் நண்பரும் இருக்கிறார் என்றால் உஸ்பெக். பாபர் எழுதிய சகதாய் மொழியின் பக்கம் போக ஆசைப்படுகிற வரலாற்று மாணவருக்கும் இதுதான் கிட்டத்து வாசல்.

கசாக்கை, ரஷ்ய மொழி ஓரளவு தெரிந்தவருக்கும் ஒலி மாற்றங்களையே ரசித்துப் படிப்பவருக்கும் சிபாரிசு செய்வேன். மற்றவர்கள் அதை இரண்டாவது துருக்கிய மொழியாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மொழிக்குத் தாவும்போது இந்த மூட்டையே திசைகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். துருக்கியிலிருந்து அசர்பைஜானிக்குப் போனால் அதே சாரியை, அதே மயக்கம், புதிதாகக் கற்க மிகக் கொஞ்சம். கசாக்கிலிருந்து கிர்கிஸுக்குப் போனால் வடிவங்கள் பெருகும், அமைப்பு மாறாது. உஸ்பெக்கிலிருந்து உய்குருக்குப் போனால் அரபு எழுத்தைக் கற்க வேண்டியிருக்கும், ஆனால் ‘அவர் வீட்டில்’ என்று சொல்ல நடுவில் எந்த னகரத்தையும் சேர்க்க வேண்டியிருக்காது.